அஞ்சு என்று அடித்த தகடு

எங்கள் வயல் மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டியின் நெற்றியில் ஓர் அலுமினியத் தகடு இருக்கிறது. அஞ்சு எச்.பி. என்று அதில் அடித்திருக்கிறது. அது பச்சைப் பொய். ஆழ்துளைப் போருக்குள்ளே கிடக்கிற மோட்டார் ஏழரை எச்.பி. அந்தப் பொய்யை டவுனில் சொல்லி அடித்து வாங்கி வந்து, என் கையாலேயே திருகாணி போட்டு முடுக்கினேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. கழற்ற எனக்குத் துப்பில்லை.

ஊரில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். தாலுகா ஆபீஸோ கரண்ட் ஆபீஸோ, எங்கே போனாலும் பேசுவதற்கு என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். படித்தவன், நாலு வார்த்தை தெளிவாகப் பேசுவேன் என்று பெயர். அப்படி முன்னால் நின்று நான் பேசிய நாலு வார்த்தையில்தான் என் தங்கச்சியின் குத்தகை நிலம் போனது.

எங்கள் ஊர் குடவாசலுக்குத் தெற்கே இருக்கிறது. வாய்க்காலுக்குக் கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டால் மேலே இருக்கிற ஊரெல்லாம் குடித்து, மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. அதனால் போர் இல்லாமல் குறுவை கிடையாது. இலவச மின்சாரத்துக்கு எழுதிப்போட்டு, பல வருஷம் காத்துக் கிடந்து அப்பா வாங்கிய சர்வீஸ் அது. கரண்ட் அட்டையில் அப்பா பெயர் இருக்கும், சர்வீஸ் நம்பர் இருக்கும், அதற்குக் கீழே அனுமதிக்கப்பட்ட மின்பளு அஞ்சு எச்.பி. என்று இருக்கும். அந்தக் கடைசி வரியை யாரும் படித்ததில்லை. கரண்ட் வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா, அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

அப்பா காலத்தில் அஞ்சு எச்.பி. தாராளம். தரைமேல் வைத்த மோட்டாரே தண்ணீரை உறிஞ்சிக் கொட்டும். அப்புறம் தண்ணீர் கீழே கீழே போனது. போரை இன்னும் ஆழமாக இறக்கி, மோட்டாரையும் போருக்குள்ளேயே விட வேண்டி வந்தது. அந்த ஆழத்திலிருந்து அஞ்சு எச்.பி. இழுத்துக்கொண்டு வருகிற தண்ணீரைப் பார்த்தால் அழுகை வரும். சின்ன விரல் தடிமனில் வழியும்.

முறையாகச் செய்ய நினைக்காமல் இல்லை. கூடுதல் மின்பளு வேண்டும் என்று ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். அடங்கல் கேட்டார்கள், கொடுத்தேன். அப்பா பெயரில் இருக்கிறதே, பெயர் மாற்றிவிட்டு வாங்க என்றார்கள். பெயர் மாற்ற வாரிசு சான்றிதழ், கூடப்பிறந்தவர்கள் சம்மதம், அது இது என்று நாலு முறை அலைந்தேன். அஞ்சாவது முறை போகிற வழியில் கருகிய மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிற கடையில் உட்கார்ந்து புலம்பினேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“ஏன் சார் அலையுறீங்க? ஏழரையா வாங்கி உள்ள இறக்கிடுங்க. மோட்டாரு போருக்குள்ள கெடக்கப் போவுது, எவன் பாக்கப் போறான்? மேல பெட்டியில அஞ்சுன்னு தகடு நான் அடிச்சுத் தர்றேன்.”

எவ்வளவு சுலபம்! அன்றைக்கு எனக்கு அவர் குலதெய்வம் மாதிரி தெரிந்தார். வீட்டில் சொன்னபோது என் மனைவி மட்டும், “ஏழரையைப் போயி யாராவது தேடி வாங்கிட்டு வருவாங்களா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் தொடை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டியது. சும்மா இருந்தேனா? டீக்கடையில் போய் அளந்தேன். தகட்டை யார் அடித்துக் கொடுத்தார் என்று கடைக்கு வழிகூடச் சொன்னேன். மூன்று வருஷத்தில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற பதினோரு மோட்டாரில் பத்துக்கு அந்தக் கடைத் தகடு வந்துவிட்டது. நடு வயல்காரர், எனக்குப் பங்காளி முறை, அவர் பத்து எச்.பி.யே இறக்கிவிட்டார். அவர் பெட்டியிலும் அஞ்சுதான்.

மாற்றாத ஒரே ஆள் என் தங்கச்சி.

அவளுக்குச் சொந்த நிலம் இல்லை. புருஷன் போன பிறகு, எங்கள் வயல்களுக்குக் கடைசியில் பத்து மா, மூன்று ஏக்கர் சொச்சம், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். நிலத்துக்காரர் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். சர்வீஸ் அவர் பெயரில். நீயும் ஒரு ஏழரை இறக்கேன், நான் கூட வர்றேன் என்று நான்தான் சொன்னேன்.

“வேணாண்ணே. அட்டை அவங்க பேர்ல இருக்கு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவங்களுக்குல்ல கெட்ட பேரு? அப்பறம் நெலத்தைத் திருப்பிக் குடுன்னுட்டா நான் எங்க போவேன்?”

“ஆமா, பெரிய கலெக்டரு வந்து உன் போருக்குள்ள எட்டிப் பாக்கப் போறாரு!” என்றேன். அஞ்சோடு இருந்துவிட்டாள்.

வாய்க்காலுக்குக் கடைமடை இருப்பதுபோல கரண்டுக்கும் கடைமடை உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போகிற கம்பியில் முதலில் இருக்கிறவன் இழுத்தது போக மிச்சம்தான் கடைசிக் கம்பத்துக்கு. மேல் ஊர்க்காரன் மடையை அடைத்துக்கொள்கிறான் என்று ஆயுசு முழுக்க வயிறெரிந்தவர்கள் நாங்கள். அதே வேலையைக் கம்பியில் என் தங்கச்சிக்குச் செய்துகொண்டிருந்தோம்.

அந்தக் குறுவையில்தான் எல்லாம் நடந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்று நடுகிற வரைக்கும் இருந்தது, பிறகு முறை வைக்கிறோம் என்றார்கள், பிறகு முறையும் வரவில்லை. எல்லோரும் போரை நம்பி நின்றோம். நிலத்துக்காரர் அதற்கு முன்பே போனில் தங்கச்சியிடம் சொல்லியிருந்தார். மீன் குட்டை போட ஒருத்தர் நிலத்தைக் கேட்கிறார், போன வருஷமும் உனக்கு விளைச்சல் இல்லை, இந்தக் குறுவையைப் பார்க்கிறேன், விளைந்தால் நீயே வைத்துக்கொள், இல்லாவிட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று. அவர் பேசியதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் தங்கச்சிக்கு அந்த ஒரு போகம்தான் கெடு. அது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

மும்முனை கரண்ட் வந்ததும் பதினோரு பேரும் ஒன்றாகப் போடுவோம். அவள் மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. ரிலே தட்டித் தட்டி விழும். கடைசியில் மோட்டார் காயில் கருகியது. கட்டிக்கொண்டு வந்து இறக்கினாள். பத்து நாளில் மறுபடியும் கருகியது, மறுபடியும் கட்டி இறக்கினாள். ஒருநாள் காலையில் டீக்கடை வாசலில் வந்து நின்றாள். பெண்கள் அங்கே வந்து நிற்பதில்லை, அவள் நின்றாள்.

“எல்லாருமா ஒரே நேரத்துல போடாதீங்க. எனக்கு ரெண்டு மணி நேரம் விட்டுக் குடுங்க, போதும். கதிரு வெளிய வர்ற நேரம், தொண்டைக்கதிரா நிக்குது. இப்பத் தண்ணி காட்டலன்னா அவ்வளவுதான்.”

எல்லோரும் தலையை ஆட்டினோம். மதியம் ரெண்டு மணி நேரம் அவளுக்கு என்று பேசினோம். முதல் நாள் நிறுத்தினோம். இரண்டாவது நாள் நடு வயலில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் போட்டுவிட்டாரே, நான் மட்டும் என்ன இளிச்சவாயனா என்று நானும் போட்டேன். என் பயிரும்தானே நிற்கிறது? இப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே நியாயம் பேசினேன். இப்போது எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாலாவது நாள் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து, எண்ணெய் வழிந்து, செத்தது. பதினோரு மோட்டாரும் நின்றன.

டிராக்டரில் ஏறிக்கொண்டு கரண்ட் ஆபீஸுக்குப் போனோம். தங்கச்சியும் வந்தாள். உள்ளே இருந்த இன்ஜினியர் சின்ன வயதுப் பெண். நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். நான் எழுந்து நின்று என் நாலு வார்த்தையை ஆரம்பித்தேன். பயிர் கருகுது, வருஷா வருஷம் லோ வோல்டேஜ், எங்களுக்குப் பெரிதாக நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றேன். பின்னால் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடி, ஒரு தாளில் எழுதி, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஐயா, உங்க டிரான்ஸ்ஃபார்மர்ல பதினோரு சர்வீஸ். ஒவ்வொண்ணுக்கும் அனுமதிச்ச லோடு அஞ்சு எச்.பி. மொத்தம் அம்பத்தஞ்சு. இருக்கறது அறுபத்துமூணு கே.வி.ஏ. அம்பத்தஞ்சை அது தாராளமாத் தாங்கும். இதை மாத்திப் பெருசு வேணும்னு நான் மேல எழுதினா, லோடே இல்லையே, எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

எனக்கு அந்த நிமிஷம்தான் அட்டையில் இருந்த கடைசி வரியின் அர்த்தம் புரிந்தது. அந்த அஞ்சு வெறும் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். அந்த அஞ்சுகளைக் கூட்டித்தான் எங்களுக்கு என்ன டிரான்ஸ்ஃபார்மர், எவ்வளவு தடிமனான கம்பி என்று முடிவு பண்ணுகிறார்கள். நாங்கள் அஞ்சு என்று சொன்னோம், அஞ்சுக்கு உண்டானதைக் கொடுத்தார்கள். ஏழரையையும் பத்தையும் வைத்து அதை எரித்துவிட்டு, பெரிதாகக் கொடு என்று டிராக்டர் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“யாராவது அஞ்சுக்கு மேல வச்சிருந்தா, உண்மையை எழுதிக் குடுத்துடுங்க. லோடைக் கூட்டிப் பதிஞ்சுட்டா, நூறு கே.வி.ஏ.வுக்கு நானே எஸ்டிமேட் போடறேன். கூட வச்சிருக்கறதை ஒத்துக்கிட்டா நடவடிக்கை இருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியலைங்க.”

இலவச சர்வீஸைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எங்கள் பத்துப் பேர் முகத்திலும் இருந்தது. நடு வயல்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, நீ சொல்லுண்ணே.”

ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னால் மற்றவர்களும் சொல்லியிருப்பார்கள். தகடு அடிக்க வழி காட்டியவன் நான். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை. பேசினேன். தெளிவாகத்தான் பேசினேன்.

“எங்க எல்லாருக்கும் அஞ்சுதாங்கம்மா. பெட்டியில தகடு இருக்கு, வந்து பாருங்க.”

பின்னால் ஒன்பது பேர் மூச்சு விட்டது காதில் கேட்டது. இன்ஜினியர் பேனாவை மூடினார். அப்படியானால் எப்படி எரிந்தது, யாரோ கூடுதலாக இழுத்திருக்க வேண்டுமே என்றார். நடு வயல்காரர் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

“கடைசிக் கம்பத்து மோட்டாருதாங்க ரெண்டு தடவை காயில் போயிருக்கு. எங்களுதெல்லாம் ஒண்ணும் ஆகல. அங்க என்ன வச்சிருக்காங்கன்னு பாருங்க.”

தங்கச்சி படபடவென்று எழுந்தாள். “என்னுது அஞ்சுதாங்க! வோல்டேஜ் இல்லாமத்தாங்க எரிஞ்சுது! பாக்கறதுன்னா எல்லாரோடதும் பாருங்க” என்றாள். சொல்லும்போது அவள் இன்ஜினியரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

ஆபீஸுக்குப் போய் வந்த அஞ்சாவது நாள் அதே அளவில் வேறு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. லைன்மேன் எங்கள் பெட்டித் தகடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு, எல்லோருக்கும் கரண்ட் கொடுத்துவிட்டு, கடைசிக் கம்பத்தில் மட்டும் ஏறி, மோட்டாருக்கு இறங்குகிற வயரைக் கழற்றிவிட்டார். சோதனை முடிகிற வரைக்கும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. மோட்டாரை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும் என்றால் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் கடல் தாண்டி இருக்கிறார். தங்கச்சி போன் பண்ணினாள். “என்னம்மா, என் பேர்ல இருக்கற சர்வீஸ்ல என்ன பண்ணி வச்சே?” என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். அவள் எதற்குப் பயந்து ஏழரை போடாமல் இருந்தாளோ, அது போடாமலே அவளுக்கு வந்துவிட்டது.

கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் என் மோட்டார் ஓடியது. என் வயலுக்குப் பாய்ச்சி முடித்ததும் குழாய் போட்டு அவளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். காய்ந்து பிளந்த வயலுக்கு முடிவு ஏது? பாய்ச்சி முடியவே இல்லை. ஒருநாள் அவள் வரப்பில் உட்கார்ந்து கதிரை உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு வரப்பு வழியாக வீட்டுக்குப் போனேன்.

பத்தாவது நாள் வந்து மோட்டாரைத் தூக்கினார்கள். அஞ்சுதான். கம்பெனித் தகடு, கம்பெனி எண். ஓடவிட்டு, வயரில் கவ்வுகிற மீட்டரை வைத்து ஆம்பியர் பார்த்தார்கள். அதிலும் அஞ்சு எச்.பி. கணக்குதான். இன்ஜினியரே வந்திருந்தார். “எங்களை மன்னிச்சுக்கங்கம்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அது வாயில் வந்தது. எனக்கு வரவில்லை.

கதிரெல்லாம் மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. வெள்ளையாக நிமிர்ந்து நின்றது. நெல் பிடித்த கதிர் தலை சாயும், அது சாயவில்லை. அறுக்கிற மிஷினை அவள் கூப்பிடவில்லை. ஊர் மாட்டை ஓட்டி விட்டு மேய்த்துக்கொள்ளச் சொன்னாள். எங்கள் வயலில் எனக்கு விளைச்சல் மோசமில்லை. மூட்டை ஏற்றின அன்றைக்கு என் மனைவி சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்காரவில்லை. அவளுக்கும் தெரியும்.

அடுத்த மாதமே ஜேசிபி வந்து அந்தப் பத்து மாவையும் குட்டையாகத் தோண்டியது. மீன் குட்டைக்காரர் விவரமானவர். காற்று ஊதுகிற மிஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் கணக்குப் போட்டு, வேண்டிய லோடை உள்ளபடி எழுதி, புது சர்வீஸுக்கு மனு கொடுத்தார். அவருடைய லோடு பதிவானதும் மொத்தம் அறுபத்துமூன்றைத் தாண்டிவிட்டது. உடனே எஸ்டிமேட், உடனே உத்தரவு. லாரியில் வந்து இறங்கியது நூறு கே.வி.ஏ.

ஊரே கூடி நின்றது. யாரோ கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். “பாத்தீங்களா, விடாம கேட்டு வாங்கிட்டோம்ல!” என்று நடு வயல்காரர் என் தோளைத் தட்டினார். நான் கையைத் தட்டிவிடவில்லை.

தங்கச்சி இப்போது ஊரில் நடவு, களை என்று கூலிக்குப் போகிறாள். எங்கள் வயலுக்கு மட்டும் வருவதில்லை. வீட்டு நல்லது கெட்டதுக்கு வருவாள், எல்லோரோடும் பேசுவாள், என்னோடும் சாப்பிட்டியாண்ணே என்கிற அளவுக்குப் பேசுவாள். அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. ஒரு தடவை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன குறுவைக்கு நாற்றுவிடுகிற சமயம். காலை வேளை. என் கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் இப்போது முழுசாக வருகிறது, தண்ணீர் தொட்டியைத் தாண்டித் தெறிக்கிறது. தங்கச்சி வேறு யாருடைய வயலுக்கோ கூலிக்குப் போகிறவள், வரப்பில் நின்றாள். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, குழாயில் கையை நீட்டி, முகம் கழுவிக்கொண்டாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே ஸ்டார்ட்டர் பெட்டியை ஒருமுறை பார்த்தாள்.

“தண்ணி நல்லா வருதுண்ணே” என்றாள். அப்புறம் கேட்டாள்: “அஞ்சுதானே?”

அங்கே இன்ஜினியர் இல்லை. ஊர்க்காரன் ஒருத்தன் இல்லை. சுற்றிலும் நாற்றங்காலும் நாங்கள் இரண்டு பேரும்தான். என்ன சொன்னாலும் யாரும் என்னை எதுவும் செய்யப்போவதில்லை.

“அஞ்சுதான்மா” என்றேன்.

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள்.